கமராப் பெட்டிக்குள் வைரஸ் வருமா? பரந்தன் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி (சுருக்கப்பட்டுள்ளது):

பரந்தனில் உரமும் விதைநெல்லும் விற்கும் கடை நடத்துகிறேன். கடையும் வீடும் ஒரே வளவு. நான்கு வருடங்களுக்கு முன் ரொறன்ரோவில் இருக்கும் தம்பி காசு அனுப்பி ஆறு கமராக்களும் பதிவுப் பெட்டியும் பூட்டுவித்தார். அங்கிருந்தபடியே தனது போனில் கடையைப் பார்ப்பார். இப்போது மூன்று மாதங்களாக இணையம் ஊர்கிறது. மாத டேட்டா பதினைந்தாம் திகதிக்குள் முடிந்துவிடுகிறது. கரண்ட் போய் வந்தால் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும், பிறகு பழையபடி. போன கிழமை, எங்கள் இணைப்பிலிருந்து வேறு இடங்களுக்குத் தாக்குதல் போகிறது என்று இணைய நிறுவனத்திலிருந்து அறிவித்தார்கள். கமராப் பெட்டிக்குள் வைரஸ் இருக்கலாம் என்று கணினி படிக்கும் மருமகன் சொல்கிறார், பூட்டியவரோ சிரிக்கிறார். பில் போடும் கணினிக்கு வைரஸ் தடுப்பு வாங்கிப் போட்டும் மாற்றமில்லை. எங்கள் படங்கள் களவு போகின்றனவா? எல்லாவற்றையும் கழற்றி எறிய வேண்டுமா? எங்கள் மேல் வழக்கு வருமா? வீட்டில் தமிழ்ச் சனல்கள் பார்க்கும் சிறிய டீவிப் பெட்டி ஒன்றும் இதே இணையத்தில்தான் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மருமகன் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பூட்டியவர் சிரிப்பதையும் நான் பெரிய குற்றமாகச் சொல்லமாட்டேன். கமரா பூட்டுபவர்களில் பலர் அந்தப் பெட்டியைக் கமராவின் ஓர் உறுப்பாகத்தான் பார்க்கப் பழகியிருக்கிறார்கள். உண்மையில் அது லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரு சிறிய கணினி. நான்கு வருடங்களாக இரவு பகலாக அணைக்கப்படாமல், ஒரு தடவைகூட மென்பொருள் புதுப்பிக்கப்படாமல், இணையத்தோடு இணைந்தபடியே இருந்த கணினி. உங்கள் பில் கணினியில் போட்ட வைரஸ் தடுப்பு அந்த ஒரு கணினியை மட்டுமே காக்கும்; பதிவுப் பெட்டிக்குள் அது எட்டியும் பார்க்காது, அதற்குள் அதை நிறுவவும் முடியாது.

என் சந்தேகத்தை வலுப்படுத்தியது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய மின்தடை பற்றிய வரிதான். இவ்வகைப் பெட்டிகளில் புகும் தீநிரல்களில் (வைரஸ் போன்ற கெட்ட மென்பொருள்களில்) பல, பெட்டியின் நிரந்தரச் சேமிப்பில் தங்குவதில்லை. தற்காலிக நினைவகத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், புகுந்தவுடன் தன் கோப்பையும் அழித்துவிடும். மின்சாரம் போனால் அந்த நினைவகம் வெறுமையாகிவிடும், தீநிரலும் அதோடு போய்விடும். ஆகவே கரண்ட் திரும்பி வரும்போது உங்கள் பெட்டி சுத்தமாகவே எழும்புகிறது. ஆனால் அது நுழைந்த வழி திறந்தபடியே இருப்பதால், சில நிமிடங்களிலோ சில மணித்தியாலங்களிலோ, இணையத்தில் எங்கோ உள்ள இன்னொரு நோய்பிடித்த பெட்டி வந்து தட்டிப் பார்த்து மறுபடியும் தொற்றவைத்துவிடுகிறது. ரவுட்டர் சூடேறி மெதுவாகிற கோளாறிலும் கரண்ட் போய் வந்தால் சற்று நேரம் நன்றாகத்தான் இருக்கும் என்பதால் இந்த ஓர் அறிகுறியை மட்டும் வைத்து நான் முடிவுக்கு வரமாட்டேன். ஆனால் டேட்டா தீர்வதும் நிறுவனத்தின் அறிவித்தலும் கூடவே இருக்கும்போது தீநிரல் என்பதே பொருத்தமான விளக்கம். உறுதிப்படுத்த விரும்பினால் ஒன்று செய்யுங்கள். கடை பூட்டிய பிறகு, கமராவைப் பார்க்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, பெட்டியின் பின்புறத்தில் இணைய வயர் செருகியிருக்கும் இடத்தில் உள்ள சிறு விளக்கைப் பாருங்கள். ஒருவரும் பார்க்காத நேரத்தில் அது இடைக்கிடை சிமிட்டினால் இயல்பு. மூச்சுவிடாமல் துடித்துக்கொண்டிருந்தால் பெட்டி யாருக்கோ வேலை செய்கிறது. இந்த மாவட்டத்திலேயே ஓர் அரிசி ஆலையில் அந்த விளக்கைப் பார்த்துத்தான் நான் முதன்முதலில் இப்படியொரு பெட்டியைப் பிடித்தேன். அதற்கு முன் அந்த ஆலைக்காரர் இரண்டு ரவுட்டர்களை வீணாக மாற்றியிருந்தார்.

இனி, இது எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வழி தெரிந்தால்தான் அடைக்கலாம். 2016 ஓகஸ்ட் மாதத்தில் மிராய் என்ற பெயருடைய தீநிரல் ஒன்று கண்டறியப்பட்டது. அது இணைய முகவரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். டெல்நெட் எனும், தூரத்திலிருந்து கருவிக்குக் கட்டளையிடுவதற்கான பழைய வாசல் திறந்திருக்கும் கமரா, பதிவுப் பெட்டி, ரவுட்டர் ஏதாவது அகப்பட்டால், தன்னிடமிருக்கும் 62 பெயர்–கடவுச்சொல் சோடிகளிலிருந்து பத்தை எடுத்து முயன்று பார்க்கும். அந்தச் சோடிகள் ஒன்றும் இரகசியமானவை அல்ல. தொழிற்சாலையிலேயே எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரேமாதிரி போட்டு அனுப்பிய ‘அட்மின்’, ‘12345’ வகைக் கடவுச்சொற்கள்தான் அவை. கதவு திறந்தால், அந்த முகவரியைத் தன் எசமானின் சேவையகத்துக்கு (சர்வருக்கு) அறிவிக்கும். அங்கிருந்து அந்தப் பெட்டியின் சில்லுக்குப் பொருத்தமான நிரல் வந்து இறங்கும். இறங்கியதும் முதல் வேலையாக, பெட்டிக்குள் தனக்கு முன்னரே குடியிருக்கும் வேறு தீநிரல்களைக் கொன்றுவிட்டு, டெல்நெட் வாசலையும் உள்ளிருந்து அடைத்துக்கொள்ளும். பிறகு அந்தப் பெட்டியும் மற்றைய முகவரிகளைத் தட்டத் தொடங்கும். முதல் இருபது மணித்தியாலங்களில் ஏறக்குறைய 65,000 கருவிகளிலும், உச்சக்கட்டத்தில் ஆறு இலட்சம் கருவிகளிலும் மிராய் இருந்ததாகப் பின்னர் ஆராய்ந்தவர்கள் கணித்தார்கள். இப்படி ஒருவரின் கட்டளைக்குக் கீழ்ப்படியும் கருவிகளின் கூட்டத்தையே பொட்நெட் என்கிறோம்.

ஆகவே உங்கள் கடையை எவரும் குறிவைத்து வரவில்லை. பரந்தன் என்று ஓர் ஊர் இருப்பதே அந்த நிரலுக்குத் தெரியாது. கூட்டம் சேர்ந்த பின் அதை வைத்துச் செய்வது, ஓர் இணையத்தளத்தின் மேல் எல்லாக் கருவிகளையும் ஒரே நேரத்தில் ஏவி, போலியான வேண்டுகோள்களால் அதை மூச்சுமுட்டச் செய்வது. 2016 ஒக்டோபர் 21ஆம் திகதி, டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சேவையகங்கள் இவ்வாறு தாக்கப்பட்டபோது, தளப் பெயரை இணைய முகவரியாக மாற்றித்தரும் வேலைக்கு அந்நிறுவனத்தையே நம்பியிருந்த ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களைப் பலர் மணிக்கணக்கில் திறக்க முடியாமற் போனது. இதைச் செய்யப் பயன்பட்டவை உங்களுடையதைப் போன்ற பெட்டிகளே. மிராயை எழுதிய மூன்று அமெரிக்க இளைஞர்கள் 2017 டிசெம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மைன்கிராஃப்ட் எனும் விளையாட்டுக்கான சேவையகத் தொழிலில் போட்டியாளர்களை விழுத்துவதே அவர்களின் தொடக்க நோக்கமாக இருந்தது. பிடிபடும் முன்னரே, 2016 செப்டெம்பர் இறுதியில், அதன் மூலநிரலை அவர்களில் ஒருவர் இணையத்தில் எல்லோருக்கும் போட்டுவிட்டதால், ஆட்கள் பிடிபட்டும் நோய் ஓயவில்லை. 2024 ஒக்டோபரில், இணையத்தளங்களைக் காக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தடுத்த, செக்கனுக்கு 5.6 டெராபிட் (ஒரு டெராபிட் என்பது இலட்சம் கோடி பிட்) அளவிலான தாக்குதல், மிராயின் வழிவந்த நிரல் புகுந்த ஏறத்தாழ 13,000 கருவிகளிலிருந்து வந்தது. இன்று இந்தக் கூட்டங்களை, நம் வயலில் அறுவடை மெசினை வாடகைக்கு விடுவதைப்போல, காசுக்கு நேரக்கணக்கில் விடுகிறார்கள். அந்த வாடகை வேலைக்கு உங்கள் பெட்டி போய்வருவதற்கான டேட்டாவை நீங்கள் கட்டுகிறீர்கள்.

உங்கள் இணையம் ஊர்வதற்கும் இதுவே காரணம். வீட்டு இணைப்புகளில் மேலே அனுப்பும் பாதை பெரும்பாலும் ஒடுக்கமானது. தீநிரல் அதை நிரப்பிவிட்டால், கீழே இறங்கும் பாதை காலியாக இருந்தாலும் பயனில்லை. ஏனெனில், இறங்கும் ஒவ்வொரு துண்டுத் தரவுக்கும் ‘கிடைத்தது’ என்ற பற்றுச்சீட்டு அந்த ஒடுக்கமான பாதையால்தான் மேலே போகவேண்டும்.

படங்கள் களவு போகின்றனவா என்ற கேள்விக்கு இரண்டு பகுதியாகப் பதில் சொல்ல வேண்டும். மிராய் வகை நிரல்களுக்கு உங்கள் கடைப் படங்களில் அக்கறை இல்லை. அவற்றுக்கு வேண்டியது பெட்டியின் இணைப்பு மட்டுமே. ஆனால் தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு வெளியே திறந்திருக்கும் பெட்டியின் படங்களை, அந்த நிரலே இல்லாவிட்டாலும், உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் பார்க்கலாம். பார்த்தார்களா என்று இப்போது நிறுவ வழியில்லை. கமரா ஏதாவது வீட்டின் உட்புறத்தை நோக்கியிருந்தால், மற்ற வேலைகளுக்கு முன் அதைத் திருப்பிவிடுங்கள் அல்லது கழற்றிவிடுங்கள்.

வெளியே திறந்தது எப்படி என்பதை நான் ஊகிக்கிறேன். பொதுவாக ரவுட்டர் வெளியிலிருந்து தட்டுவோரை உள்ளே விடாது. தம்பி கனடாவிலிருந்து பார்க்கவேண்டும் என்பதற்காகப் பூட்டியவர் ரவுட்டரில் போர்ட் ஃபோர்வேர்டிங் என்ற அமைப்பைப் போட்டு, வெளியிலிருந்து வருவதை நேரே பெட்டிக்கு அனுப்பும்படி வழி வெட்டியிருப்பார். சில வேளை ‘டி.எம்.இசட்.’ என்ற தெரிவைப் போட்டு எல்லா வழிகளையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டிருப்பார். அல்லது யு.பி.என்.பி. என்ற வசதி ரவுட்டரில் இயங்கிக்கொண்டிருந்தால், பெட்டியே ஒருவரையும் கேட்காமல் தனக்கு வழி திறந்திருக்கும். வழி வெட்டுவது அரைமணி நேர வேலை; கடவுச்சொல்லை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. முதலாவதைச் செய்து இரண்டாவதை விட்டுவிடும் பழக்கத்தைத்தான் என் துறையில் நான் அடிக்கடி காண்கிறேன், அதற்காகக் கொஞ்சம் வெட்கமும் படுகிறேன்.

இப்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன். வரிசை முக்கியம், மாற்றிச் செய்தால் பட்ட பாடு வீண். காலையில் கடை திறக்கமுன், பெட்டியின் பின்புறத்திலிருந்து இணைய வயரைக் கழற்றுங்கள். கமராக்களிலிருந்து வரும் வயர்கள் திருகிப் பூட்டும் வட்டமான முனை கொண்டவை, அவற்றில் கைவைக்க வேண்டாம். இணைய வயர் தொலைபேசி வயரைவிடச் சற்று அகலமான, நசித்தால் கழலும் பிளாஸ்டிக் முனையுடையது. அதைக் கழற்றினாலும் கமராக்கள் இயங்கும், ஹாட் டிஸ்க்கில் பதிவும் நடக்கும், கடைக்குக் காவல் குறையாது. தம்பி மட்டும் சில நாட்கள் பார்க்க முடியாமல் இருப்பார். அதன் பின் பெட்டியைச் சுவிட்சில் நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். இப்போது அது சுத்தமாகவும் தனியாகவும் இருக்கிறது. வயரோடு வைத்து நிறுத்திப் போட்டால், நீங்கள் கடவுச்சொல்லை மாற்றி முடிப்பதற்குள் அது மறுபடியும் தொற்றிக்கொள்ளக் கூடும்.

பிறகு பெட்டியோடு வந்த மவுஸைச் செருகி, திரையில் பாவனையாளர் பட்டியலுக்குப் போய், முதன்மைப் பாவனையாளரின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடைப் பெயர், தொலைபேசி இலக்கம், பிறந்த ஆண்டு வேண்டாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து எழுதினால் உங்களுக்கு நினைவிலிருக்கும், மற்றவருக்குப் பிடிபடாது. பட்டியலில் நீங்கள் அறியாத வேறு பாவனையாளர் இருந்தால் நீக்கிவிடுங்கள். அதே பெட்டியின் வலையமைப்புப் பக்கத்தில் யு.பி.என்.பி.யும் டெல்நெட்டும் தென்பட்டால் இரண்டையும் நிறுத்துங்கள்.

ஆனால் இத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2016இல் மிராய் பரவிய பெட்டிகளில் ஒரு பகுதியில், திரையில் மாற்றும் கடவுச்சொல்லும் டெல்நெட் வாசலின் கடவுச்சொல்லும் வேறுவேறாக இருந்தன. இரண்டாவது, தயாரித்தவரின் மென்பொருளுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்ததால், உரிமையாளர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அதை மாற்ற முடியவில்லை. உங்கள் பெட்டி அந்த இனமா என்பது வெளிப் பெயரைப் பார்த்துத் தெரியாது, ஒரே உள்ளுறுப்பைப் பல பெயர்களில் விற்கிறார்கள். எனவே பெட்டியை நம்பாமல் ரவுட்டரில் வாசலை அடைப்பதே திடமான வேலை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் போர்ட் ஃபோர்வேர்டிங் பட்டியலை வெறுமையாக்கி, டி.எம்.இசட்.டையும் யு.பி.என்.பி.யையும் வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் நிறுத்தி, ரவுட்டரின் சொந்தக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். வைபை கடவுச்சொல் வேறு, ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் வேறு. பலர் முதலாவதை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள்.

ரவுட்டரிலேயே நோய் இருந்தால் நிறுத்திப் போடுவது போதாமற் போகலாம். 2018இல் வெளிப்பட்ட விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல், குறைந்தது 54 நாடுகளில் குறைந்தது ஐந்து இலட்சம் கருவிகளில், பெரும்பாலும் ரவுட்டர்களில், புகுந்திருந்தது. அதன் முதற்பகுதி மின்சாரம் போய் வந்தாலும் அழியாத வகை. ஆகவே ரவுட்டரைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டு, புதிய மென்பொருள் இருந்தால் ஏற்றிவிட்டு, மேற்சொன்ன மாற்றங்களைச் செய்வது நல்லது. மீட்பதற்கு முன் இணைப்புக்குரிய பாவனையாளர் பெயரையும் கடவுச்சொல்லையும் இணைய நிறுவனத்திடம் கேட்டு எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் இணையமே இல்லாமல் இரண்டு நாள் இருக்க வேண்டிவரும். பதிவுப் பெட்டிக்கும் மென்பொருள் புதுப்பிப்பு உண்டென்றால் செய்யலாம், ஆனால் இரண்டு எச்சரிக்கைகள்: அடியிலுள்ள ஸ்டிக்கரில் இருக்கும் மாதிரி இலக்கம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், ஏற்றும்போது கரண்ட் போகக் கூடாது, போனால் பெட்டி செத்தேவிடும். கரண்ட் போனாலும் சற்று நேரம் தாங்கும் யு.பி.எஸ். இல்லாமல் அந்த வேலையை நம் பக்கத்தில் நான் தொடவே மாட்டேன்.

எறிய வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டியதில்லை. ரவுட்டர் சரியாக அடைக்கப்பட்டால் பழைய பெட்டி உள்ளேயே இருந்து தன் வேலையைச் செய்யட்டும். அடுத்த முறை வாங்கும்போது மட்டும், முதன்முதலில் போட்டவுடன் புதுக் கடவுச்சொல் வைக்கச் சொல்லி, வைக்காமல் மேலே போக விடாத பெட்டியாகப் பாருங்கள். எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே கடவுச்சொல் போட்டு விற்பதை ஐக்கிய இராச்சியம் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடுத்திருக்கிறது. அத்தகைய சந்தைகளுக்குச் செய்யப்படும் மாதிரிகளை இங்கும் கேட்டுப் பாருங்கள்.

தம்பி பார்ப்பதற்கு என்ன வழி? எனக்கு மிகவும் பிடித்தது, ரவுட்டரில் வி.பி.என். எனும், இணையத்தினூடே போகும் பூட்டிய தனிவழியை அமைத்து, அதற்குள்ளால் மட்டும் பார்ப்பது. ஆனால் அதற்கேற்ற ரவுட்டரும் அமைத்துத் தரும் ஆளும் வேண்டும். அது இயலாவிட்டால் பெட்டித் தயாரிப்பாளரின் செயலி மூலம் பார்க்கலாம். அதில் பெட்டியே வெளியே போய்த் தயாரிப்பாளரின் சேவையகத்தோடு இணைவதால், ரவுட்டரில் வழி வெட்டத் தேவையில்லை. அந்தச் சேவையகத்தை நம்ப வேண்டியிருக்கிறதே என்பது அதன் குறை. அதிலும் பழைய கடவுச்சொல்லை விட்டுவைத்தால், பெட்டியின் இலக்கத்தை அறிந்த எவரும் உள்ளே வரலாம். தம்பிக்கென்று, பார்க்க மட்டும் அனுமதியுள்ள தனிப் பாவனையாளர் ஒன்றை உருவாக்கிக் கொடுங்கள்.

வழக்குப் பற்றி அஞ்ச வேண்டாம். நான் சட்டத்தரணி அல்லன். ஆயினும் நமது நாட்டின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், அதிகாரமின்றி வேண்டுமென்றே செய்பவரைப் பற்றியே பேசுகிறது. நீங்கள் இங்கே பாதிக்கப்பட்டவர். இருந்தாலும் நிறுவனத்தின் அறிவித்தலுக்குப் பதில் எழுதாமல் விட வேண்டாம், தாக்குதல் தொடர்ந்தால் இணைப்பை அவர்கள் இடைநிறுத்தக்கூடும். எந்தத் திகதியில் என்ன செய்தீர்கள் என்று நான்கு வரியில் எழுதி அனுப்புங்கள்; ஸ்ரீலங்கா சேர்ட் என்ற, கணினிப் பாதுகாப்புக்கான தேசிய அமைப்பிடமும் இத்தகைய சம்பவங்களை முறையிடலாம்.

கடைசியாக, கடிதத்தின் முடிவில் நீங்கள் எழுதிய டீவிப் பெட்டி. உண்மையைச் சொன்னால், கமராவைவிட எனக்கு அதில்தான் பயம் கூட. பெயர் தெரியாத மலிவான அன்ட்ரொயிட் பெட்டிகளில் சில, கடைக்கு வரமுன்னரே தீநிரலோடு வருகின்றன, அல்லது இலவசச் சனல்களுக்கான செயலியை ஏற்றும்போது அதைப் பெறுகின்றன. பேட்பாக்ஸ் என்று அழைக்கப்படும் இந்த வகையைப் பற்றி அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் எச்சரித்தது. இங்கே ரவுட்டரில் வாசலை அடைத்துப் பயனில்லை, ஏனெனில் அது உள்ளேயிருந்து வெளியே போய்த் தன் எசமானைத் தேடுகிறது. நிறுத்திப் போட்டாலும் போகாது, கடவுச்சொல்லை மாற்றவும் ஒன்றுமில்லை. உங்கள் இணைப்பை அந்நியர்கள் தங்கள் முகமூடியாகப் பயன்படுத்த அது வழிவிடும். கூகிளின் சான்று பெறாத பெட்டி என்றால், சனல்களை இழப்பது வருத்தந்தான், இருந்தும் கழற்றிவிடுங்கள்.

இரண்டில் எது குற்றவாளி என்று பிரித்தறிய, முதற்கிழமை டீவிப் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, கமரா வேலைகளை முடித்து இணைய வயரை மறுபடி செருகுங்கள். தினமும் ஒரே நேரத்தில் இணைய நிறுவனத்தின் செயலியில் டேட்டா பாவனையைப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். ஏழு நாள் பாவனை அடங்கியிருந்தால், அடுத்த கிழமை டீவிப் பெட்டியை ஒரு நாள் மட்டும், ஒருவரும் பார்க்காத இரவில், போட்டுவிட்டு மறுநாள் கணக்கைப் பாருங்கள். முதற்கிழமையிலேயே பாவனை குறையாவிட்டால், பதிவுப் பெட்டியினதும் ரவுட்டரினதும் அடியிலுள்ள ஸ்டிக்கர்களைப் படமெடுத்து, கடவுச்சொல் தெரியும் பகுதியை மறைத்து, அந்தக் கொப்பிக் கணக்கோடு எனக்கு எழுதுங்கள்.